தூத்துக்குடி, மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை: 35,000 ரூபாய்க்குள் ஸ்பிளிட் ஏ.சி. முடியுமா?

திரேஸ்புரம் மருமகள்:

வணக்கம். திரேஸ்புரம் பக்கம் சொந்த வீடு. மாடியில் ஓர் அறை, 12-க்கு 11 அடி. மேலே நேராக மொட்டை மாடி, மேற்குச் சுவர் முழுவதும் வெயில். மாமனார் அங்கேதான் படுக்கிறார். சித்திரை, வைகாசியில் இரவு பதினோரு மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடுகிறது. மின்விசிறி மேலே இருக்கும் சூட்டைத்தான் இறக்கித் தருகிறது.

கையில் இருப்பது 35,000. மாட்டுகிற செலவும் அதற்குள் அடங்க வேண்டும். கடையில் இன்வெர்ட்டர் வகையில் (தேவைக்கேற்ப வேகம் மாறுவது), குளிர்விக்கும் திறன் 1 டன், மின்சிக்கனக் குறி மூன்று நட்சத்திரம் என்றால் 29,500, ஐந்து நட்சத்திரம் 36,000, 1.5 டன் மூன்று நட்சத்திரம் 34,000 என்றார்கள். விற்பனையாளர் ஐந்து நட்சத்திரத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். மாமனாரோ, இருக்கிற ஐந்து ஆம்பியர் பிளக்கிலேயே சொருகிக்கொள்ளலாம் என்கிறார். கடல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். இரும்புக் கேட் பொரிந்து உதிர்கிறது. ஏ.சி. மட்டும் தாங்குமா? மாட்ட வருகிறவரிடம் எதைக் கவனிக்க வேண்டும்?

பாளையங்கோட்டையான்:

ஜன்னல் ஏ.சி. பாருங்கள். குழாய் வேலையே கிடையாது, ஜன்னலில் தூக்கி வைத்தால் முடிந்தது. சத்தம் இருக்கும், பழகிவிடும். எதுவானாலும் 132 சதுர அடிக்கு 1 டன் தாராளம்.

குழாய்க்காரன்:

தங்கச்சி, தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் ஏ.சி. மாட்டியே தலை நரைத்தவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்.

தாராளம் என்று பாளையங்கோட்டைத் தம்பி சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நடு மாடி அறையாக இருந்தால் சரி. உச்சி மாடி, மேற்குச் சுவர் என்றால் 1.5 டன்தான் முறை. ஆனால் உங்கள் பணத்துக்கு அது இடிக்கும். ஆகவே 1 டன் மூன்று நட்சத்திரம் வாங்குங்கள். மொட்டை மாடித் தரைக்கு வெயில் வருமுன் வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளைக் கூரைப் பூச்சோ அடித்துவிடுங்கள். சூடு உள்ளே இறங்குவதே குறையும். இரவுத் தூக்கத்துக்கு இது போதும். பிற்பகல் மூன்று மணிக்கு ஓடவிட்டுக் குளிரவில்லையே என்று என்னைத் திட்டக்கூடாது.

கடல் காற்றுக்குச் செம்புச் சுருள் உள்ளதாகக் கேளுங்கள். அலுமினியம் ஓட்டை விழுந்தால் பற்றவைப்பது பெரும் பாடு, சுருளையே மாற்றச் சொல்வார்கள். தகடுகளில் துருத் தடுப்புப் பூச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கிய பிறகு, மாதம் ஒருமுறை மின்சாரத்தை அணைத்துவிட்டு அவுட்டோர் யூனிட்டை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். உப்பு நீரில் கழுவுகிற மகராசர்களும் நம் ஊரில் உண்டு!

அவுட்டோர் யூனிட்டை மேற்குச் சுவரில் தொங்கவிட வேண்டாம். நாளைக்கு ரிப்பேர் என்றால் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரின் நிழல் விழும் பக்கம் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். காற்று போக இடம் இருக்கட்டும். குழாயைச் சுவரைத் துளைத்து வெளியே எடுத்து மேலே ஏற்றச் சொல்லுங்கள். தளத்தைத் துளைக்க விட்டால் ஐப்பசி மழை அறைக்குள் வரும். சுவர்த் துளை வெளிப்பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும். இன்டோர் யூனிட்டிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய்க்கு வழி நெடுக இறக்கம் வேண்டும். அதன் நுனி வாளித் தண்ணீரில் முங்கக் கூடாது.

மாமாவிடம் என் பெயரைச் சொல்லியே மறுத்துவிடுங்கள். 1 டன் முழு வேகத்தில் ஓடும்போது ஐந்து ஆம்பியரைத் தாண்டிவிடும், பிளக் கருகும். போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த். இதில் ஒன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

நட்சத்திரத்துக்கு ஒரு கணக்கு. லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பது 1600 மணி நேரம் ஓடும் என்ற அடிப்படையில். மூன்றுக்கும் ஐந்துக்கும் 150 யூனிட் வித்தியாசம் என்று வையுங்கள். யூனிட் ஆறு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 900. கூடுதலாகக் கொடுக்கும் 6,500 திரும்பி வர ஏழு வருடம். கோடையில் மட்டும் ஓட்டினால் இன்னும் நாளாகும்.

அதைவிட மின்வாரியக் கணக்கைக் கவனியுங்கள். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த கட்டணமும் போய்விடும். 24 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிடுங்கள்.

திரேஸ்புரம் மருமகள்:

அண்ணாச்சி, மிக்க நன்றி. 1 டன் மூன்று நட்சத்திரம் என்று முடிவாகிவிட்டது. கடை ஆளிடம் விலை கேட்டேன். மாட்டுக் கூலி 1,500, ஸ்டாண்ட் 900, பெட்டியோடு வரும் மூன்று மீட்டர் குழாய்க்கு மேல் மீட்டருக்கு 850 வீதம் இரண்டு மீட்டருக்கு 1,700. வயரிங் 2,200. மொத்தம் 35,800. மேலே போகும் 800 ரூபாயை மாமனாரே தருகிறார், பிளக் பேச்சையும் விட்டுவிட்டார். ஆனால் அந்த ஆள், “புது மெஷினுக்கு வாக்குவம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுப்பது, தேவையில்லை, கேஸைக் கொஞ்சம் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று ஓடிவிடும், பம்ப் கொண்டுவர வேண்டுமென்றால் தனியாக 500” என்கிறார். கொடுக்க வேண்டுமா?

குழாய்க்காரன்:

கொடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே போகிற ஆர்-32 என்னும் குளிரூட்டும் வாயு அளந்து ஊற்றியது. எத்தனை கிராம் என்று அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே இருக்கும். அதைத் திறந்து காற்றைத் தள்ளினால் கேஸும் குறையும், குழாயில் ஈரமும் தங்கும். ஈரம் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்தால் அமிலமாகும். முதல் கோடையில் ஒன்றும் தெரியாது. உத்தரவாதம் பேசும்போது மாட்டியவரும் கிடைக்க மாட்டார்.

பம்ப் குறைந்தது கால் மணி நேரம் ஓட வேண்டும். அழுத்தம் காட்டும் கேஜின் முள் பூஜ்யத்துக்குக் கீழே கடைசி வரை இறங்கும். பம்பை மூடியபின் பத்து நிமிடம் காத்திருங்கள். முள் அசையாமல் நின்றால்தான் அவர் ஆலன் கீயை எடுத்துக் கேஸ் வால்வைத் திறக்கலாம். முள் ஏறினால், குழாய் மூட்டை இறுக்கும் ஃப்ளேர் நட்டில் கசிவு. திரும்ப இறுக்கி, திரும்பப் பம்ப் ஓட்டச் சொல்லுங்கள். வால்வைத் திறந்த பிறகு மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் வாயு, ஆகவே வேலை முடியும்வரை அங்கே யாரையும் பீடி பற்றவைக்க விடாதீர்கள். கேஜும் பம்பும் இல்லாமல் வெறும் ஸ்பேனரோடு வந்தால் டீ கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

ஸ்டெபிலைசர் தனியாக வாங்குமுன், ஏ.சி. எத்தனை வோல்ட் முதல் எத்தனை வரை தாங்கும் என்று அதன் கையேட்டில் பாருங்கள். உங்கள் தெரு மின்சாரம் அதற்குள் நின்றால் வேண்டாம்.