கோட் ஓடுது, ஆனா யாருக்கும் புரியல. எங்கேர்ந்து சரி பண்றது?

வேளச்சேரி_பையன்:
பிகாம் முடிச்சுட்டு இப்பதான் பைத்தான் கத்துக்குறேன். வீட்டு ஈபி பில் கணக்கு போட ஒரு புரோகிராம் எழுதினேன், ரெண்டு மாச யூனிட் குடுத்தா தொகை கரெக்டா வருது. ஆனா ஃப்ரெண்டு பாத்துட்டு, உள்ள நான் வச்ச பேர்ல எக்ஸ் என்ன, எக்ஸ்2 என்னன்னு கேக்குறான். லைனுக்கு லைன் கமென்ட் (விளக்கக் குறிப்பு) போட்டா போதுமா, இல்ல திரும்ப எழுதணுமா?

ஓஎம்ஆர்_அக்கா:
கமென்ட் அப்புறம் தம்பி, மொதல்ல பேர மாத்துங்க. எக்ஸ்-க்கு பதிலா மொத்த_யூனிட்-னு இருந்தா யாரும் கேக்கவே மாட்டாங்க. பைத்தான் 3-ல தமிழ்லயே பேர் வைக்கலாம், கத்துக்கும்போது தாராளமா வைங்க, ஆபீஸ்ல டீம் இங்கிலீஷ்தான் கேக்கும். அடுத்தது அந்த 100. நம்மூர்ல வீட்டு கனெக்‌ஷனுக்கு மொத 100 யூனிட் ஃப்ரீ, அத நீங்க கோட்ல நாலஞ்சு எடத்துல வெறும் 100-னு எழுதிருப்பீங்க. நாளைக்கு அது மாறினா எல்லா 100-ஐயும் தேடி மாத்தணும், நடுவுல பைசாவ ரூபாயாக்க 100-ஆல வகுத்திருந்தா அதுவும் சேந்து மாறிடும், பில் தப்பா வரும், எர்ரரும் வராது. மேல ஒரே எடத்துல இலவச_யூனிட் = 100-னு வச்சுட்டு எல்லா எடத்துலயும் அந்த பேர யூஸ் பண்ணுங்க.

பெரம்பூர்_டெவ்:
அக்கா சொன்னது கரெக்ட், ஆனா கமென்ட்ட அப்படி ஒதுக்க வேணாம். யூனிட்ட கூட்டுறோம்னு கமென்ட் எழுதறதுதான் வேஸ்ட், அது கோட்லயே தெரியுது. ஏன்-ங்கறத எழுதுப்பா. ரீடிங் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ எடுக்குறாங்க, அதனால ஸ்லாப் (இத்தன யூனிட் வரைக்கும் இந்த ரேட்டுங்கற அடுக்கு) ரெண்டு மாசத்துக்குன்னு ஒரு வரி போட்டா அடுத்து படிக்கறவன் ரெண்டால வகுத்து வைக்க மாட்டான். அப்புறம் இன்புட் வாங்குறது, கணக்கு, பிரின்ட் மூணையும் தனித்தனி ஃபங்ஷன் (பேர் வச்சு கூப்பிடற தனி கோட் துண்டு) ஆக்கு. கணக்கு தனியா இருந்தாதான் 100, 101-னு குடுத்து ஸ்லாப் மாறுற எடத்துல சரியா வருதான்னு டக்குனு டெஸ்ட் பண்ண முடியும், எனக்கு இதான் ரொம்ப முக்கியம்.

வேளச்சேரி_பையன்:
ரொம்ப தேங்க்ஸ். ஸ்பேஸ், லைன் நீளம் இதுக்கெல்லாம் ரூல் இருக்கா?

ஓஎம்ஆர்_அக்கா:
பெப் 8-னு பைத்தான் கோட் எழுதற முறைக்கு ஒரு வழிகாட்டி இருக்கு, 2001-லேர்ந்து. நாலு ஸ்பேஸ் இன்டென்ட் (வரி ஆரம்பத்துல உள்ள தள்ளி எழுதறது), லைனுக்கு 79 எழுத்து. இத மனப்பாடம் பண்ணி நேரத்த வீணாக்காதீங்க, பிளாக்-னு ஒரு ஃபார்மேட்டர் (கோட்ட தானா ஒழுங்குபடுத்தற டூல்) இருக்கு, சேவ் பண்ணும்போது ஓடுற மாதிரி எடிட்டர்ல செட் பண்ணிடுங்க. அது 88 வரைக்கும் விடும், பரவால்ல. ஆனா பேர் வைக்கற வேலைய அது செய்யாது.

பெரம்பூர்_டெவ்:
மாத்தினதும் அந்த ஸ்லாப் ஃபங்ஷன மட்டும் இங்க போடு, பாத்துட்டு சொல்றேன்.