நீல பீகாக்குக்கும் மஞ்சள் மீனுக்கும் ஒரே தொட்டி: மணல் என்ன நிறம்?

பெரம்பூர்த் தொட்டி:
நான்கடித் தொட்டி ஒன்றை ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்காகத் தயார் செய்கிறேன். பீகாக் என்னும் சிக்லிட் வகையில் ஆண்கள் மட்டும், பெரும்பாலும் நீலம். கூடவே எலக்ட்ரிக் எல்லோ என்னும் மஞ்சள் சிக்லிட் சில. கொளத்தூரில் ஒரு கடைக்காரர், "வெள்ளை மணல் போடுங்கள், தொட்டி பளிச்சென்று இருக்கும்" என்கிறார். எனக்குப் பளிச்சென்று இருக்க வேண்டியது மீன். என்ன நிறம் போடலாம்?

கருமணல்:
கறுப்பு. இதில் பேச என்ன இருக்கிறது? மீனின் தோலில் மெலனின் என்னும் கறுப்பு நிறமித் துகள்கள் நிறைந்த செல்கள் உண்டு. தரை வெளுப்பாக இருந்தால் துகள்கள் செல்லின் நடுவே ஒடுங்கிவிடும், மீன் வெளிறும். தரை இருண்டிருந்தால் அவை செல் முழுவதும் பரவும், நிறம் ஏறும். நம்பாதவர்கள் உயிருள்ள ஜிலேபி மீன் ஒன்றை வெள்ளை வாளியில் விட்டுப் பாருங்கள். அதுவும் சிக்லிட் குடும்பம்தான். சற்று நேரத்தில் வெளுத்துவிடும்.

பாறையிடுக்கு:
அண்ணா, அறிவியல் சரி, முடிவு பாதிதான் சரி. இருண்ட தரையில் ஏறுவது நிறமல்ல, கறுப்பு. நீல மீனுக்கு அது லாபம். பீகாக்கின் நீலம் சாயத்தால் வருவதில்லை. தோலில் உள்ள நுண்ணிய படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது. அவற்றின் அடியில் கறுப்பு பரவினால், வேண்டாத ஒளியை அது விழுங்கிவிடும். நீலம் ஆழமாகத் தெரியும். எலக்ட்ரிக் எல்லோவின் கதை வேறு. மஞ்சளின் மேல் கறுப்பு பரவினால் புகை படிந்த சுவர்போல் ஆகிவிடும். முதுகுத் துடுப்பின் கறுப்புப் பட்டை அழகாகும், உடம்பு அழுக்காகும். அவர் இரண்டையும் ஒரே தொட்டியில் விடப்போகிறார் என்பதைக் கவனித்தீர்களா?

கருமணல்:
கவனித்தேன் தம்பி. பார்ப்பவன் கண்ணையும் கொஞ்சம் கவனியுங்கள். இருண்ட பின்னணியில் மஞ்சள் எடுப்பாகத் தெரியும். வெள்ளை மணலில் மஞ்சள் மீன் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. மீன் ஒரு படி மங்கினாலும் பின்னணி இரண்டு படி தூக்கிக் கொடுத்துவிடும்.

பாறையிடுக்கு:
வெள்ளை போடச் சொல்லி நான் எங்கே சொன்னேன்? வெள்ளையும் கறுப்பும் மட்டும்தான் மணலா? மலாவியில் பீகாக்குகள் வாழ்வது பாறை முடிந்து மணல் தொடங்கும் ஓரத்தில். அங்கே இருப்பது வெளிர் பழுப்பு மணல். அதன் மேல் அசையாமல் மிதந்து, தலையில் உள்ள பெரிய உணர்வுக் குழிகளால் மணலுக்குள் நெளியும் புழுக்களைக் கண்டுபிடித்துத் தின்னும் மீன் அது. நம் ஆற்று மணலைச் சலித்தால் கிட்டத்தட்ட அதே நிறம் கிடைக்கும்.

கருமணல்:
ஏரியைத் தொட்டிக்குள் கொண்டுவர முடியாது. அங்கே பல மீட்டர் தண்ணீரைக் கடந்து வரும் ஒளியில் சிவப்பு ஏறக்குறைய செத்துவிடும், நீலமே மிஞ்சும். இங்கே ஒன்றரை அடிக்கு மேலே எல்.இ.டி. எரிகிறது. ஏரியின் மணல் மட்டும் வேண்டும், ஏரியின் ஒளி வேண்டாம் என்றால் எப்படி?

விளக்குக்காரர்:
இருவரும் மணலிலேயே புதைந்துவிட்டீர்கள். முதலில் ஒளி. விக்டோரியா ஏரி கலங்கியபோது என்ன நடந்தது என்று 1997இல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. தண்ணீர் கலங்கிய இடங்களில் ஆண் சிக்லிட்களின் நிறம் மங்கியது, இனங்கள் ஒன்றோடொன்று கலந்தன. இரண்டாவது, தொட்டியில் யார் ராஜா என்பது. அடங்கிப்போன ஆண், எந்த மணலிலும் பெண் மீனைப்போல் சாம்பல் நிறத்தில்தான் திரியும். ராஜாவை வெளியே எடுங்கள், அடுத்தவன் நிறமேறுவதைப் பார்ப்பீர்கள். மூன்றாவது, ஹார்மோன் கொடுத்து நிறமேற்றிய குஞ்சுகள். கடையில் ஜொலிக்கும், வீட்டில் நாளடைவில் மங்கும். அதற்கு மணலைக் குறை சொல்லிப் பயனில்லை.

பாறையிடுக்கு:
ராஜா விஷயத்தில் மறுபேச்சே இல்லை. ஆனால் ஒளியையும் மணலையும் தனித்தனியாக வரிசைப்படுத்தாதீர்கள். மேலிருந்து வரும் ஒளி எவ்வளவு, தரையில் பட்டுத் திரும்பி வருவது எவ்வளவு என்று மீனின் கண் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அந்த விகிதத்தை வைத்துத்தான் உடல் வெளுக்கவோ கறுக்கவோ செய்கிறது. விளக்கை மங்கலாக்கினாலும் வெள்ளை மணல் மீனுக்கு வெள்ளை மணல்தான். இன்னொன்று: மணல் போட்ட முதல் வாரத்திலேயே தீர்ப்பு எழுதாதீர்கள். துகள்கள் நகர்வது உடனடி மாற்றம். நாள் போகப்போக மெலனின் செல்களின் எண்ணிக்கையே கூடும் அல்லது குறையும்.

புதுத் தொட்டி:
நடுவே ஒரு கேள்வி, மன்னிக்கவும். எம்-சாண்ட் சாம்பல் நிறம்தானே, விலையும் மலிவு. அது சரிப்படுமா?

கருமணல்:
நிறம் சரி, முனை சரியில்லை. அது உடைத்த கருங்கல். பீகாக் வாயால் மணலை அள்ளிச் செவுள் வழியே வெளியேற்றும் மீன். கூரான துகள் அதற்கு ஆகாது. சாயம் பூசிய கறுப்புச் சரளையும் வேண்டாம், சாயம் உரியும். கறுப்பு என்று நான் சொல்வது இயற்கையிலேயே கறுப்பாக உள்ள, முனை மழுங்கிய நுண்மணலை.

பாறையிடுக்கு:
இதில் அண்ணாவோடு முழு உடன்பாடு. இன்று மழை வரும்.

பெரம்பூர்த் தொட்டி:
நன்றி. சலித்த ஆற்று மணல் என்று முடிவு செய்துவிட்டேன். தண்ணீரின் கடினத்தையும் பி.எச்.ஐயும் ஏற்றப் பவளத்தூள் கலக்க வேண்டுமா?

விளக்குக்காரர்:
உங்கள் தண்ணீரைச் சோதித்துவிட்டுச் சொல்லுங்கள். போர்வெல் நீர் கடினமாக இருந்து பி.எச். 8ஐ ஒட்டி நின்றால் தேவையில்லை. பவளத்தூள் வெள்ளை என்பதையும் மறக்காதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு வலைப்பையில் கட்டி வடிகட்டிக்குள் வையுங்கள்.

கருமணல்:
ஆற்று மணலே போடுங்கள், போங்கள். பின்பக்கக் கண்ணாடிக்காவது மட்டான கறுப்புத் தாள் ஒட்டுங்கள். ராஜா நீலம் அதன் முன்னால் வந்து நிற்கும்போது படம் எடுத்து இங்கே போடுங்கள், அப்புறம் பேசிக்கொள்வோம்.

பாறையிடுக்கு:
தாளை வெளிப்பக்கம் ஒட்டுங்கள். எலக்ட்ரிக் எல்லோவையும் அதே படத்தில் சேர்த்து எடுங்கள்.