நியூ வேகஸும் அந்த ஒரு புள்ளியும்

மொஹாவி_மன்னன்:
"ஃபால்அவுட்: நியூ வேகஸ் போனஸ் வாங்கத் தகுதியில்லாத கேம், விமர்சகர்கள் சரியாகத்தான் மார்க் போட்டார்கள்" என்று நேற்று வேறொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிகிறது. விமர்சகர்களின் மார்க்கைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 85 வந்தால்தான், கேமை உருவாக்கிய ஒப்சிடியனுக்கு வெளியீட்டாளர் பெதெஸ்தாவிடமிருந்து போனஸ். வந்தது 84. ராயல்டியும் கிடையாது என்று ஒப்சிடியனின் கிறிஸ் அவெலோனே 2012-இல் ட்விட்டரில் சொன்னார். ஒன்றரை வருடம் உழைத்தவர்கள் வயிற்றில் ஒரு புள்ளியால் அடித்துவிட்டார்கள்.

சேவ்_பைல்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாமே, என்ன தயக்கம்? அப்புறம் அது என்ன ஒரு புள்ளி? பிசி, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டிலும் 84. பிஎஸ்3-இல் 82. மூன்று புள்ளி குறைவு.

மொஹாவி_மன்னன்:
பிஎஸ்3 கணக்கை யார் கேட்டது? எல்லாரும் பேசுவது 84-ஐத்தான். ஒரு புள்ளி.

பழைய_கன்சோல்:
பிஎஸ்3-இல் காசு கொடுத்து வாங்கியவன் நான், நான் கேட்கிறேன். ஆட்டத்தைச் சேமிக்கும் சேவ் பைல் பெரிதாகப் பெரிதாக ஆட்டம் திக்கித் திக்கி நகரும். பிசிக்காரர்களுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? 2010 அக்டோபரில் வெளியானபோது எல்லாரும் பார்த்த வீடியோ ஞாபகம் இருக்கிறதா? குட்ஸ்பிரிங்ஸ் வீட்டில் கண் விழிக்கிறோம், எதிரே மருத்துவர் டாக் மிட்செல் உட்கார்ந்து பேசுகிறார், தலை மட்டும் கழுத்தின் மேல் பம்பரமாகச் சுற்றுகிறது. முதல் காட்சியே அது. 84-ஏ அதிகம்.

மொஹாவி_மன்னன்:
தலை சுற்றியது பிறகு வந்த திருத்தத்தில் (பேட்ச்) சரியானது. மார்க் சரியானதா? பத்திரிகை பிறகு மனம் மாறினாலும் மெட்டாக்ரிட்டிக் முதலில் போட்ட மார்க்கைத்தான் வைத்துக்கொள்ளும். எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடை என்றும் வெளியில் சொல்லாது. கேமை ஓட்டும் அதே கேம்பிரியோ எஞ்சின், அதே மாதிரி பக்குகள் (பிழைகள்), ஆனால் பெதெஸ்தாவே முன்பு உருவாக்கிய ஃபால்அவுட் 3-க்குப் பிசியில் 91! நியூ வேகஸ் கதையில் என்சிஆர் குடியரசின் பக்கம் போகலாம், அடிமைப் படைத் தலைவன் சீசரிடம் போகலாம், வேகஸை ஆளும் ஹவுஸோடு சேரலாம், யாரும் வேண்டாம் என்று எஸ் மேன் என்ற ரோபோவை வைத்து நாமே வேகஸைப் பிடிக்கலாம். நான்கு வழியிலும் ஹூவர் அணையில் வேறு வேறு முடிவு. இதை எழுத வேண்டிய இடத்தில் எத்தனை முறை கிராஷ் ஆனது என்று எழுதினார்கள். ஃபிரிட்ஜ் வாங்குபவனுக்கு எழுதுவதா கேம் விமர்சனம்?

அமைதி_விரும்பி:
ஒரு நிமிடம். 85 என்றால் எதற்கு 85? கதைக்கா, எஞ்சினுக்கா? அதை முடிவு செய்யாமல்...

சேவ்_பைல்:
அதெல்லாம் அப்புறம். மன்னனே, 82-க்குப் பதில் எங்கே? போனஸ் எந்த வடிவத்தின் மார்க்குக்கு என்று ஒப்பந்தத்தை நீங்கள் பார்த்தீர்களா?

மொஹாவி_மன்னன்:
நீங்கள் பார்த்தீர்களா? அப்படிக் கையெழுத்துப் போட வைத்த பெதெஸ்தாவைக் கேட்க வாய் வராது. அவர்களுடைய ஸ்கைரிம் கேம் பற்றிய இழையில் அவர்களுக்காக மூன்று பக்கம் வாதாடியவர்தானே.

சேவ்_பைல்:
அந்த இழையில் பாதியில் ஓடிப்போனது யார்? கையெழுத்துப் போட்டது ஒப்சிடியன். உடைந்த கேமை வெளியே விட்டது இரண்டு பேரும். முதல் நாள் முழு விலை கொடுப்பவனுக்குத்தான் விமர்சகர் எழுதுகிறார், பத்து வருடம் கழித்து ரசிகர்கள் செய்த மோடு போட்டு விளையாடி உருகுகிற உங்களுக்கு இல்லை.

மொஹாவி_மன்னன்:
மோடு எதுவும் போடாமல் நான்கு முடிவும் பார்த்தவன் நான். நீங்கள் யூடியூபில் பார்த்தீர்கள் என்று நீங்களே அந்த இழையில் எழுதியிருக்கிறீர்கள்.

சேவ்_பைல்:
சீசர் முடிவை மட்டும்! எடிட் பண்ணாமல் முழுதாக எடுத்துப் போடுங்கள் பார்ப்போம்.

பழைய_கன்சோல்:
என் பிஎஸ்3 சேவ் பைலுக்கு யாருமே பதில் சொல்லவில்லை.

மொஹாவி_மன்னன்:
ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் போகிறேன். அதற்குள் அழித்துவிடாதீர்கள். அது வேறு, இது வேறு. ஒரு புள்ளி ஒரு புள்ளிதான்.

சேவ்_பைல்:
மூன்று.