சிறிமா–சாஸ்திரி ஒப்பந்த காலத்துப் பதிவுகளைத் தேடுகிறோம், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மதுரை ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் ஒரு பாட்டிக்காகக் கேட்கிறேன். என் மகளோடு படிக்கும் பிள்ளையின் அப்பத்தா. நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 83 கலவரத்துக்கு அப்புறம் படகில் வந்தவர். தன் அப்பா இந்தியக் குடியுரிமைக்கு அப்போதே மனுப் போட்டதாகச் சொல்கிறார். கையில் இருப்பது ஒரே ஒரு தாள். மடிப்பில் கிழிந்து, அப்பா பெயரில் பாதி எழுத்து போய்விட்டது.

இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட 1964 ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரையும், 1974-ல் மேலும் 75,000 பேரையும் ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அதில் வரவேண்டியவரை இன்னும் அகதி என்றே எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. ஆனால் அதே ஆண்டு நம் மதுரைக் கிளை உயர்நீதிமன்றம், இப்படிப்பட்ட சிலரின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது.

கண்டியில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அன்று கொடுத்த மனுக்களின் நகலை யாராவது வாங்கியிருக்கிறீர்களா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கிடைக்குமா, யாருக்கு எழுத வேண்டும்? இந்த வழக்குகளை நடத்திய வக்கீல் யாரையாவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். பாட்டிக்கு 76 வயதாகிறது.