ஐ.என்.ஆர். பரிசோதனை: தூத்தூர், குளச்சல் பகுதியில் உள்ளவர்கள் உதவுங்கள்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நோய்) வார்ஃபரின் என்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை எடுத்துக்கொண்டே ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்களுக்காகக் கேட்கிறோம். கொல்லங்கோடு முதல் குளச்சல் வரை, ஞாயிறன்றும் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) பார்த்து அன்றே முடிவு தரும் ஆய்வகம் எது? கட்டணம் எவ்வளவு? விரல்நுனி ரத்தத்தில் பார்க்கும் கருவி யாரிடமாவது உண்டா?

இவர்களுக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2 முதல் 3 வரை இருக்கவேண்டும். குறைந்தால் இதயத்தில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம், கூடினால் ரத்தக்கசிவு. கீரையிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும்; அதனால் கரையில் முருங்கைக்கீரை தின்றுவிட்டு, படகில் வாரக்கணக்கில் கீரையே இல்லாமல் இருந்தால் ஐ.என்.ஆர். ஏறும். இடுப்புவலிக்கு டைக்ளோஃபினாக் என்ற வலிமாத்திரை போட்டால் ரத்தக்கசிவு ஆபத்து இன்னும் கூடும், மதுவும் அப்படித்தான். அதனால் கடலுக்குப் போகும் முன்பும் கரைக்கு வந்தவுடனும் பார்த்தாக வேண்டும். ஒருவேளை மாத்திரை விட்டுப்போனால் அன்றைக்குள் போடலாம், மறுநாள் இரண்டாகப் போடவே கூடாது.

அடிக்கடி பரிசோதனை வேண்டாத புதிய மாத்திரைகள் உண்டு. ஆனால் வாதக்காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும், உலோக வால்வு வைத்தவர்களுக்கும் வார்ஃபரின்தான்.

படகு உரிமையாளர்களே, கரை திரும்பும் தேதியை முன்கூட்டியே சொன்னால் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவிடலாம். விவரம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். நோயாளிகளின் பெயர் வேண்டாம்.