புதுப்பிப்பு: அப்பாவின் முதுகுச் சிவப்பு, 3 வாரம் கழித்து

பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவுக்கு வால் எலும்பு மேல் தோல் சிவந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் இடுப்புக்கு அடியில் வைக்கும் காற்று வளையம் வாங்கச் சொன்னீர்கள். வாங்கினேன். காட்பாடியிலிருந்து வீட்டுக்கு வந்த ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) மேடம் முதலில் எடுத்து ஓரம் வைத்தது அதைத்தான். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுமாம். சரி, 600 ரூபாய் போச்சு.

அப்புறம் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தார். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பிழைத்தோம். வெளுக்கவே இல்லையென்றால் அதுவே முதல் நிலைப் படுக்கைப் புண். அப்பாவுக்கு வெளுக்கவில்லை. எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது என்றதும் அம்மா என்னைப் பார்த்தார். தினமும் தேய்த்தது அவர்தான்.

இப்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புகிறோம். முழுசாக ஒருக்களித்தால் இடுப்பெலும்பில் பாரம் இறங்கும் என்பதால், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு மட்டும். கெண்டைக்காலுக்கு அடியில் நெடுக மடித்த பழைய வேட்டி. குதிகால் மெத்தையில் படாமல், அடியில் ஒரு தாள் நுழைகிற அளவுக்கு நிற்கிறது. மேலே நகர்த்த, இழுக்காமல் விரிப்போடு தூக்குகிறோம். அதற்கு இரண்டு ஆள் வேண்டும், எதிர்வீட்டு அண்ணன் வருகிறார். வேலூர் வெயிலுக்கு ரெக்சின் விரிப்பு ஆகவே ஆகாது, வியர்வையில் தோல் ஊறிவிடுகிறது. பருத்திக்கு மாறிவிட்டோம்.

நேற்று சிவப்பு பாதியாகியிருந்தது. “சட்டைப் பொத்தானை நானே போடணும்” என்றார் அப்பா. அடுத்த வாரம் அந்தப் பயிற்சி.