நீதிமன்றத்துக்கான நற்சான்றுக் கடிதத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி: தமிழாசிரியை, சிட்னி

அனைவருக்கும் வணக்கம். வார இறுதித் தமிழ்ப் பாடசாலையில் என்னிடம் பல ஆண்டுகள் படித்த ஒருவர், இப்போது வேலைக்குப் போகும் இளைஞர், மதுபோதையில் வாகனம் ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுள்ளார். இரத்தத்தில் மதுவின் அளவு 0.15ஐத் தாண்டியிருந்தது; சட்டத்தில் இதை "உயர் அளவு" என்பார்கள். வழக்கு நியூ சவுத் வேல்ஸின் உள்ளூர் நீதிமன்றம் ஒன்றில் வருகிறது. அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள இருக்கிறார். அவருடைய நன்னடத்தைக்குச் சான்றளித்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தரும்படி பெற்றோர் கேட்டதோடு, கையெழுத்து மட்டும் இட்டால் போதும் என்று தாங்களே எழுதிய பிரதி ஒன்றையும் அனுப்பியுள்ளார்கள். அதில் "இவர் மதுவைத் தொட்டதே இல்லை" என்றும், "சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பறிக்க வேண்டாம்" என்றும் இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு உதவ மனதார விரும்புகிறேன். ஆனால் எனக்குத் தெரியாத ஒன்றை நீதவானிடம் எப்படிச் சொல்வது? கடிதம் எப்படி அமைய வேண்டும் என்று அறிந்தவர்கள் கூறுங்கள்.

பதில்: சட்டத்தரணி அலுவலகப் பணியாளர்

அந்தப் பிரதியில் கையெழுத்திடாதீர்கள், ஆசிரியை அவர்களே. மதுவைத் தொட்டதே இல்லை என்ற வரியை வழக்கின் அளவீடே பொய்யாக்கிவிடும். அதன்பின் நீங்கள் உண்மையாகச் சொல்லும் நல்லவற்றையும் நீதவான் ஐயத்தோடுதான் படிப்பார். ஒரே வாசகங்கள் கொண்ட கடிதங்கள் இரண்டு மூன்று பேரிடமிருந்து வந்தால், அவை ஒரே கையால் எழுதப்பட்டவை என்பதும் வெளிப்பட்டுவிடும்.

கடிதத்தை "த பிரிசைடிங் மாஜிஸ்திரேட்" என்று முகவரியிட்டு, கீழே நீதிமன்றத்தின் பெயரை எழுதுங்கள். விளிப்பு "யுவர் ஆனர்". நீங்கள் யார், என்ன பணி செய்கிறீர்கள், அவரை எப்படி, எவ்வளவு காலமாக அறிவீர்கள் என்பதை முதலில் சொல்லி, உடனே அவர் மீதுள்ள குற்றச்சாட்டு என்ன என்பது உங்களுக்குத் தெரியும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். இதை விட்டுவிட்டால், விவரம் அறியாமல் புகழ்ந்தவர் என்றே உங்களைக் கருதுவார்கள். என்ன தண்டனை என்பதை முடிவு செய்பவர் நீதவான். ஆகவே அதைப் பற்றி எந்த வேண்டுகோளும் வைக்கக் கூடாது. ஒரு பக்கம் போதும். திகதியிட்டு, கையொப்பமிட்டு, தொலைபேசி எண்ணையும் சேர்த்து அவருடைய சட்டத்தரணியிடம் கொடுங்கள்; நேரடியாக நீதிமன்றத்துக்கு அனுப்பாதீர்கள்.

பதில்: சட்டம் படித்த வாசகர்

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1999ஆம் ஆண்டின் தண்டனை நடைமுறைச் சட்டத்தில், 21ஏ பிரிவு நன்னடத்தையையும் மனவருத்தத்தையும் தண்டனையைக் குறைக்கக்கூடிய காரணிகளாகச் சொல்கிறது. ஆயினும் இந்த உயர் அளவுக் குற்றத்துக்கென்றே 2004இல் மாநிலக் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழிகாட்டுத் தீர்ப்பு ஒன்றை, அதாவது தண்டனை விதிக்கும்போது மற்ற நீதிமன்றங்கள் கவனத்தில் கொள்ள வேண்டிய தீர்ப்பை, வழங்கியது. இத்தகைய வழக்குகளில் சிக்குபவர் பொதுவாக நல்லவராகவே இருப்பார், உரிமத்தை இழந்தால் பெரிதும் அவதிப்படுவார் என்பவற்றை அத்தீர்ப்பு சாதாரண வழக்கின் இயல்புகளாகவே ஏற்கெனவே கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆகவே "மிகவும் நல்ல பிள்ளை" என்ற பொது வரியால் பெரிய பயன் இராது. நீங்கள் கண்ணால் கண்டதை எழுதுங்கள்: சிறுவர் வகுப்புக்கு அவர் வந்து உதவியிருந்தால், எந்த ஆண்டுகளில், என்ன செய்தார் என்று. அதைவிட முக்கியமானது, நடந்ததைப் பற்றி அவரே உங்களிடம் என்ன சொன்னார் என்பது. அவர் உங்களிடம் இன்னும் பேசவில்லையென்றால், முதலில் அவரை அழைத்துப் பேசுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை அவரே வீட்டுக்கு வந்தார். யாரையாவது மோதியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் தன்னைத் தூங்கவிடவில்லை என்றும், போக்குவரத்துக் குற்றவாளிகளுக்கான பயிற்சித் திட்டத்தில் சேர்ந்திருப்பதாகவும் கூறினார். அதை அப்படியே எழுதியிருக்கிறேன். முன்பு ஒருமுறை வேகமாக ஓட்டியதற்கு அபராதம் கட்டியதாகவும் சொன்னார். அதையும் குறிப்பிட வேண்டுமா?

பதில்: சட்டத்தரணி அலுவலகப் பணியாளர்

அவருடைய போக்குவரத்துப் பதிவேடு எப்படியும் நீதவான் முன் வைக்கப்படும். எனவே "வீதி விதிகளை ஒருபோதும் மீறாதவர்" என்பது போன்ற வரி உங்கள் கடிதத்தில் இருந்தால் நீக்கிவிடுங்கள். அபராதத்தை நீங்களாகக் குறிப்பிடுவதா வேண்டாமா என்பதை அவருடைய சட்டத்தரணியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தூக்கம் வரவில்லை என்று அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே, எளிய ஆங்கிலத்தில் விட்டுவிடுங்கள். அதை மெருகேற்ற வேண்டியதில்லை.